நாலாயிரம் ஹெர்ட்ஸுக்குக் கீழே

திரு. தங்கவேலன்,
நாலாயிரம் ஹெர்ட்ஸில் உங்களுக்கு ஒரு பள்ளம்.
இடது காதில் ஆழம்,
வலதில் கொஞ்சம் கருணை.
துவாஸ் கப்பல் பட்டறையில்
இருபத்தாறு வருடக் கிரைண்டர் தோண்டியது.
மூடும் மருந்து என் மேசையில் இல்லை.

கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து
ஒலி கேட்டால் பொத்தானை அழுத்துங்கள் என்றேன்.
தொண்டை கட்டியிருக்கிறதே என்றீர்கள்.
ஏர்கான் என்றேன்.
நான் எதுவும் அனுப்பாத இடைவெளியில்
உங்கள் விரல் அழுத்தியது, பதினாறு முறை,
இரட்டைக் கால் டிரம்முக்கு மட்டுமே உரிய வேகத்தில்.
நிமிர்ந்து பார்த்தேன்.
நீலச் சீருடையின் திறந்த கழுத்துக்கு அடியில்
வெளுத்த கறுப்பு பனியன்,
வேர்க்கொத்துபோல்
யாருக்கும் படிக்க வராத எழுத்து.
எனக்குப் படிக்க வந்தது.

இங்கே எல்லாரும் கேட்பது
நஷ்டஈடு எவ்வளவு, மெஷின் என்ன விலை.
நீங்கள் மட்டும்
இனி என்ன கேட்கலாம் என்று கேட்டீர்கள்.
ஆகவே உங்கள் செவி வரைபடத்தின் பின்பக்கத்தில்
எழுதுகிறேன். மேலாளருக்குக் காட்டவேண்டாம்.

பாத்தாம் தீவில் மூன்று பேர், ஆயர் மாத்தி என்று பெயர்.
கிதார் கிடையாது. இரண்டு பேஸ், ஒரு டிரம்.
போன மாதம் வந்த ஆல்பம்,
எண்பது ஹெர்ட்ஸுக்கு மேலே ஏறவே மறுக்கிறது.
காதை விட்டுவிடுங்கள்.
ஸ்பீக்கரைத் தரையில் கவிழ்த்து
முழங்காலால் கேளுங்கள்.
கீழ்வீட்டுக்காரரிடம் முன்னமே சொல்லிவையுங்கள்,
ஒரு பெட்டி ஆரஞ்சோடு.

ஜொகூர் பாருவில் நாலு பையன்கள்
உறுமியைக் கிழிந்த ஆம்பில் சொருகியிருக்கிறார்கள்.
ஒரே பாட்டு வெளியாகியிருக்கிறது.
மிச்சம் தீபாவளிக்குப் பிறகாம்.
வளைந்த குச்சி தோலைத் தேய்க்கும் அந்த ம்ம்ம்
நீங்கள் இன்னும் இழக்காத இடத்தில் முனகுகிறது.
பாடுகிறவன் பாடவில்லை.
காலித் தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கிய ஒருவன்
மேலே நிற்பவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான்.

காவ்சியுங் இரட்டையரின் புதியதை
எல்லாரும் புகழ்கிறார்கள். நானும் புகழ்வேன்.
உங்களுக்கு வேண்டாம்.
மூன்றாவது பாட்டில் நிஜக் கிரைண்டர் வாசிக்கிறார்கள்.
எங்களுக்கு அது பரிசோதனை.
உங்களுக்கு வேலைநேரம்.

அப்புறம்
யீஷுனில் ஒருத்தி. பெயர் போடுவதில்லை.
வெடிகுண்டுப் புகலறையில்
பத்துக் கிலோ தாய்லாந்து அரிசிக்கும்
காற்றிறங்கிய சைக்கிளுக்கும் நடுவே
இரும்புக் கதவைச் சாத்திக்கொண்டு
எல்லா வாத்தியமும் அவளே, அலறலும் அவளே.
நகர மன்றம் இரண்டு கடிதம் போட்டிருக்கிறது.
இரண்டாவதை
எச்சிலைத் துப்பித் துப்பி ஆல்பத்தில் வாசிக்கிறாள்.
வெளியே அணிவகுப்பு ஒத்திகை விமானங்கள் கிழித்துப்போனதும்
பதிவில் விழுந்திருக்கிறது, அழிக்கவில்லை.
ஆகஸ்டில் வருகிறது.
எனக்கு எப்படி இப்போதே கிடைத்தது என்று
கேட்காதீர்கள்.

அவள் குரலின் உச்சம் உங்களுக்கு வராது,
நாலாயிரத்தில்தான் கிழிகிறது.
ஆனால் அது எங்கே வருகிறது என்று தெரியும்.
டிரம் சட்டென்று ஒதுங்கி
ஒருவர் நுழையும் அளவுக்கு வழிவிடும்.
அந்த ஓட்டையில்
உங்கள் பதினாறை வைத்துக்கொள்ளுங்கள்.

ஒலி எவ்வளவு வைக்கலாம்?
எண்பத்தைந்து டெசிபெல், எட்டு மணிநேரம். இது விதி.
மூன்று ஏற ஏற நேரம் பாதியாகும்.
நூறு வைத்தால்
நாளொன்றுக்குப் பதினைந்தே நிமிடம்.
யீஷுன்காரியின் கடைசிப் பாட்டு
பதினாலு நிமிடம் நாற்பது நொடி.
கணக்குப் போட்டு வெட்டியது.
மீதி இருபது நொடி
நிறுத்தும் பொத்தானைத் தேட.

அன்றைக்கு மட்டும்
துவாஸுக்குப் போகாதீர்கள்.